பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

2009 ஜூன் மாதம் லேப்டாப் விற்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் வந்து சேர்ந்தது. அக்டோபர் 22ஆம் தேதி விண்டோஸ் 7 கடைக்கு வருகிறது என்று மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. அதுவரை விற்றாக வேண்டிய பெட்டிகளில் இருந்ததோ விண்டோஸ் விஸ்டா. மந்தமானது, எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்பது, பழைய பிரிண்டரோடு ஒத்துப்போகாதது என்று விஸ்டாவுக்கு அதற்குள் பேர் கெட்டுப் போயிருந்தது. நான்கு மாதம் பொறுத்தால் புதியது வந்துவிடும் என்று தெரிந்த பிறகு யார் கையில் இருக்கும் பணத்தை எடுத்து நீட்டுவார்கள்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்லூரி திறப்பதையொட்டி லேப்டாப் அதிகம் போகும் பருவம் வேறு.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இலவச மேம்படுத்தல். ஜூன் 26 முதல் 2010 ஜனவரி 31 வரை விஸ்டாவோடு கணினி வாங்குகிறவர்களுக்கு, விண்டோஸ் 7 வெளிவந்ததும் அதுவும் கிடைக்கும் என்றார்கள். விஸ்டாவில் ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் ஆகிய மூன்று பதிப்புகளுக்கு மட்டும். மலிவான ஹோம் பேசிக் வாங்கியவருக்குக் கிடையாது. அமெரிக்கக் கடையில் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் மேம்படுத்தலைத் தனியாக வாங்கினால் 120 டாலர்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இப்படிப்பட்ட இலவசத்தில் ஏதாவது குளறுபடி நேர்ந்து, நியாயம் கேட்கக் கிளம்புகிற மனிதருக்குச் சொந்த வீட்டிலேயே முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சும்மா கொடுக்கிற பொருளுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பார்கள். ஆனால் இந்த மாடு தானமாக வரவில்லை. ஜூலையில் விற்காமல் தேங்கியிருக்கக்கூடிய சரக்கை அந்த வாக்குறுதி விற்றுக் கொடுத்தது. அக்டோபர்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தவர் அதை நம்பித்தான் ஜூலையிலேயே பணம் கட்டினார். அவர் கட்டிய தொகைக்குள் விண்டோஸ் 7உம் அடக்கம். பில்லில் அதற்குத் தனி வரி போடவில்லை, அவ்வளவுதான்.

குளறுபடி நேர்வதற்கு இடம் நிறையவே இருந்தது. திட்டத்தை அறிவித்தது மைக்ரோசாப்ட், நிறைவேற்றும் பொறுப்பு லேப்டாப் நிறுவனங்களுக்கு. வாங்கியவர் இணையப் படிவத்தில் மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். பில்லின் நகலையும் அனுப்ப வேண்டும். சில நிறுவனங்கள் டிஸ்க் அனுப்பும் செலவை அவரிடமே வாங்கிக்கொண்டன. ஒரே மாடல் பெயரில் இரண்டு பதிப்புகளோடு பெட்டிகள் வெளிவருவது இந்தத் தொழிலில் சகஜம். ஆர்டர் கொடுத்த தேதி ஒன்றாகவும் பில் போட்ட தேதி வேறாகவும் இருப்பதும் சகஜம். 32 பிட் விஸ்டா வைத்திருப்பவர் 64 பிட் விண்டோஸ் 7 டிஸ்க்கைக் கொண்டு நேரடியாக மேம்படுத்த முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத்தான் வேண்டும். அட்டவணையில் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியிருந்தால் போதும், வாங்கியவர் தகுதியற்றவராகிவிடுவார்.

அந்தக் காலத்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அடிப்பக்கத்தில் தீப்பெட்டி லேபிளைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விண்டோஸின் எந்தப் பதிப்பு என்பதும், தயாரித்த நிறுவனத்தின் பெயரும், ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்து, எண் கொண்ட குறியீடும் அதில் பொடி எழுத்தில் இருக்கும். மடியில் வைத்து வேலை செய்கிற சூட்டிலும் உரசலிலும் முதலில் அழிவது இந்தக் குறியீடுதான். விவரம் தெரிந்தவர்கள் வாங்கிய அன்றே அதன் மேல் செல்லோ டேப் ஒட்டிவைப்பார்கள். எது விற்கப்பட்டது என்பதற்கு வாங்கியவர் கையில் இருந்த சாட்சி அதுவும் பில்லும்தான்.

மேம்படுத்தல் மறுக்கப்பட்டவர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், எந்த நிறுவனமாக இருந்தாலும் பேச்சு ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும்.

“சார், உங்க சீரியல் நம்பர் போட்டா ஹோம் பேசிக்னுதான் சார் காட்டுது.”

“ஸ்டிக்கர்ல ஹோம் பிரீமியம்னு இருக்கே. பில்லுலயும் அதான் போட்டிருக்கு.”

“புரியுது சார். ஆனா சிஸ்டம்ல அப்படி இல்லையே சார்.”

“சிஸ்டம்ல தப்பா ஏத்தியிருப்பாங்க. திருத்தச் சொல்லுங்க.”

“எங்களால மாத்த முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

பேசும் பையன்மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை. அவனுக்கு அந்தத் திரையைப் பார்க்கத்தான் அதிகாரம், அதில் எழுத இல்லை. யாருக்கு எழுத அதிகாரம் இருக்கிறதோ அவருக்குப் போன் நம்பர் கிடையாது. தகராறின் முழு இலட்சணமும் இந்த இடத்தில் இருக்கிறது. தவறு செய்த அட்டவணையே தவறு நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியும் ஆகிவிடுகிறது. பில்லையும் ஸ்டிக்கரையும் கையில் பிடித்திருப்பவர், தன் வீட்டில் இருக்கும் பொருள் இன்னதென்று தன்னைவிட நிறுவனத்துக்குத்தான் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 8 வந்த பிறகு அந்தக் குறியீடு ஸ்டிக்கரிலிருந்து மறைந்து, உள்ளே மதர்போர்டு சிப்புக்குள் போய்விட்டது. திருட்டு நகலைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். வாங்கியவர் கையில் இருந்த சாட்சிகளில் ஒன்று குறைந்தது என்பதும் உண்மை.

இவையெல்லாம் கைத்தவறு என்றே வைத்துக்கொள்ளலாம். தெரிந்தே செய்தது எப்படியிருக்கும் என்பதற்கு விஸ்டாவே முன்மாதிரி. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா வீடுகளுக்கு வந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே எக்ஸ்பி கணினிகளில் ‘விஸ்டாவுக்குத் தகுதியானது’ என்ற ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். காரணம் அதேதான், புதியது வரும்வரை விற்பனை படுத்துவிடக் கூடாது. அந்தக் கணினிகள் பலவற்றில் இன்டெலின் 915 வகை கிராபிக்ஸ் சிப் இருந்தது. விஸ்டா என்று விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற ஏரோ தோற்றம் அதில் ஓடாது. ஓடியது ஹோம் பேசிக் மட்டுமே. தகுதியானது என்று ஒட்டியது பொய்யில்லை, எதற்குத் தகுதி என்று சொல்லாமல் விட்டார்கள்.

2007இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிபதி மார்ஷா பெக்மன் முன்னிலையில் நடந்த அந்த வழக்கில் மைக்ரோசாப்டின் உள்மின்னஞ்சல்கள் வெளியே வந்தபோதுதான் கதை சூடு பிடித்தது. அந்த ஸ்டிக்கரை நம்பி லேப்டாப் வாங்கியவர்களில் மைக்ரோசாப்டின் துணைத் தலைவர் மைக் நாஷும் ஒருவர். தன்னிடம் இப்போது இருப்பது 2,100 டாலர் விலையில் மின்னஞ்சல் பார்க்கும் இயந்திரம் என்று சக அதிகாரிகளுக்கு நொந்துபோய் எழுதியிருந்தார். நிறுவனத்தின் துணைத் தலைவருக்கே ஸ்டிக்கரின் பொடி எழுத்து புரியவில்லை என்றால், கடையில் நின்று தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறவரைக் குறை சொல்வதற்கு என்ன இருக்கிறது? இன்டெல் அந்தக் காலாண்டின் வருமானக் கணக்கை எட்டுவதற்காகத் தகுதி வரம்பைத் தளர்த்தினோம் என்று இன்னொரு அதிகாரி எழுதியதும் வெளிவந்தது. இன்டெல் அதை மறுத்தது. தளர்த்தியதை எச்பி நிறுவனத்தின் அதிகாரி கடுமையாக ஆட்சேபித்திருந்த மின்னஞ்சலும் அதே கட்டில் இருந்தது. வரம்பு குறையாது என்று நம்பி நல்ல கிராபிக்ஸ் சிப்புக்குச் செலவு செய்த நிறுவனம் அது.

இவ்வளவும் அம்பலமான பிறகு வழக்கு என்ன ஆனது? 2008 பிப்ரவரியில் கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது, ஓராண்டு கழித்து அதே நீதிபதியால் கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது. அந்த ஸ்டிக்கரால் கணினியின் விலை எல்லோருக்கும் ஏறியது என்று பொதுவாக நிரூபிக்க வாதிகளால் முடியவில்லை. வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்காடிக்கொள்ளலாம். பதிப்புகளுக்கு இடையிலான விலை வித்தியாசத்துக்காக அமெரிக்காவில் யார் தனியாக வக்கீல் வைப்பார்கள்? சின்னத் தவறு லட்சம் பேரிடம் செய்யப்படும்போது, அது பெரிய தொகை ஆகிவிடுகிறது. கேட்பதற்கு ஒவ்வொருவராகத்தான் வரவேண்டும் என்று ஆகும்போது அது மறுபடியும் சின்னத் தொகை ஆகிவிடுகிறது.

விதி எவ்வளவு கறாரானது என்பது விதியைப் போட்டவரின் சொந்தப் பொருள் மாட்டிக்கொள்ளும்போது தெரியும். 2021இல் விண்டோஸ் 11 அறிவிப்பு வந்தது. இலவச மேம்படுத்தல்தான், ஆனால் இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்றார்கள். ஏழாம் தலைமுறை வைத்திருந்தவர்கள், நன்றாக ஓடுகிற கணினிக்கு என்ன குறை என்று கேட்டார்கள். பாதுகாப்பு, நம்பகத்தன்மை என்று பதில் வந்தது. அந்த நாளில் மைக்ரோசாப்டே விற்றுக்கொண்டிருந்த சர்பேஸ் ஸ்டுடியோ 2 என்ற மேசைக் கணினியின் தொடக்க விலை 3,499 டாலர், உள்ளே இருந்ததோ ஏழாம் தலைமுறை 7820எச்க்யூ சிப். ஆகஸ்ட் மாதம் பட்டியலைத் திருத்தினார்கள். ஏழாம் தலைமுறையிலிருந்து புதிதாக இடம் பிடித்த ஒரு சில சிப்களில் 7820எச்க்யூவும் இருந்தது, அதுவும் குறிப்பிட்ட வகை டிரைவர்களோடு வந்த கணினிகளுக்கு மட்டும். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்று சொல்லப்படுவதை மாற்ற முடியும். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

யாரோ ஒரு சாதாரண மனிதர் கேட்டும் மாறியதுண்டு. இத்தாலியில் லூக்கா பொனிஸ்ஸி என்பவர் 2018இல் லெனோவோவின் ஐடியாபேட் ஒன்றை வாங்கினார். அவருக்கு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும். உரிம ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளலாம் என்று விண்டோஸின் ஒப்பந்தமே சொல்வதால், முதல் தடவை இயக்கும்போதே அதை நிராகரித்துவிட்டு, விண்டோஸுக்கான 42 யூரோவைத் திருப்பிக் கேட்டார். நிறுவனம் மறுத்தது. உள்ளூர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. நிறுவனம் 42 யூரோவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பரில் மோன்சா நகர நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததோடு, இப்படி வழக்கை இழுத்தடித்ததற்காக 20,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பொனிஸ்ஸி அதில் 15,000 யூரோவை ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். காசுக்காகச் சண்டை போட்டார் என்று அவரைச் சொல்ல முடியாது.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால் படிப்பவருக்கு உற்சாகமாக இருக்கும். ஆனால் பக்கத்து நாட்டில் இதே மாதிரி கிளம்பிய இன்னொருவர் தோற்றார். 2008இல் பிரான்சில் விஸ்டாவோடு சோனி லேப்டாப் வாங்கியவர் அவர். ஒப்பந்தத்தை நிராகரித்து மென்பொருளுக்கான பணத்தைக் கேட்டார். வேண்டுமென்றால் லேப்டாப்பையே திருப்பித் தாருங்கள், 549 யூரோவையும் தருகிறோம் என்றது சோனி. அவர் ஒப்பவில்லை. மென்பொருளுக்கு 450 யூரோவும் நஷ்டஈடாக 2,500 யூரோவும் கேட்டு நீதிமன்றம் போனார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை ஏறியது. மென்பொருளைச் சேர்த்தே விற்பதும், அதன் விலையைத் தனியாகக் காட்டாமல் விடுவதும் அதனளவில் முறைகேடு ஆகாது என்று 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. லேப்டாப் வாங்கி எட்டு வருடம் ஓடிவிட்டது. அந்த லேப்டாப் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

இருவருக்கும் வித்தியாசம் என்ன என்று யோசித்தால், பிடிவாதத்தில் இல்லை. பிரான்சுக்காரரின் பிடிவாதம் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இத்தாலியர் கேட்டது 42 யூரோ. அந்த ஒரு தொகையோடு நின்றுகொண்டார். மற்றவர் லேப்டாப்பின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் மென்பொருளுக்கென்று கேட்டார், விற்பனை முறையையே முறைகேடு என்று நிறுவப் பார்த்தார். ஒரு தொழிலின் வழக்கத்தையே மாற்றும் ஆசை நல்ல ஆசைதான். அதை ஒரு ரசீதின் தோளில் ஏற்றினால் ரசீது தாங்காது. இத்தாலியின் சட்டம் வேறு, பிரான்சின் சட்டம் வேறு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014இலேயே இப்படித் திருப்பிக் கேட்பவர்கள் பக்கம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. நியாயம் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் அதன் விலை வேறு.

விலை என்றால் காலத்தையும் சேர்த்துத்தான். உத்தரப் பிரதேசத்தில் மதுரா ரயில் நிலையத்தில் 1999இல் ஒரு வழக்கறிஞர் 70 ரூபாய்க்கான இரண்டு டிக்கெட்டுக்கு 90 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. 20 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில்தான் ஜெயித்தார். இடையில் நூறு தடவைக்கு மேல் வழக்கு விசாரணைக்கு வந்தது. 20 ரூபாயோடு 12 சதவீத வட்டியும், தனியாக 15,000 ரூபாயும் தரச் சொன்னார்கள். செய்தி வந்த நாளில் சிலர் அவரைக் கொண்டாடினார்கள், சிலர் வேலையில்லாதவர் என்று சிரித்தார்கள். வக்கீலாக இருந்ததால் அவருக்கு வக்கீல் செலவு இல்லை என்பதை இரு தரப்பும் கவனிக்கவில்லை. எல்லோராலும் முடிகிற காரியமா அது என்று கேட்டால், முடியாது. முடியாதவரை யாரும் கோழை என்று சொல்லத் தேவையும் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிற வாரத்தில் டிஸ்க் வரவில்லையே என்று யாரும் போனில் காத்திருக்க மாட்டார்கள். விட்டுவிடுவார்கள், விடத்தான் வேண்டும்.

நெருடுவது வேறொன்று. விடுவது அவருடைய முடிவாக இருக்கும்வரை குற்றமில்லை. பல நேரங்களில் அந்த முடிவை நிறுவனமே அவருக்காக எடுத்துவைத்திருக்கிறது. போனில் நாற்பது நிமிடம் இசை கேட்க வைப்பதும், ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வைப்பதும், புகார் எண் கொடுத்துவிட்டு மறுநாள் அந்த எண்ணையே மூடிவைப்பதும் தற்செயலாக நடந்ததாகச் சொல்வார்கள். தற்செயல் எப்போதும் ஒரே பக்கம் லாபமாக விழுவதுதான் வேடிக்கை. சோர்ந்துபோய் விட்டவரும், யோசித்து விட்டவரும் நிறுவனத்தின் கணக்கில் ஒன்று. அந்த மனிதருக்கு மட்டும் இரண்டும் ஒன்றில்லை. சோர்ந்து விட்டவர் அடுத்த தடவை கேட்கவே மாட்டார். பஸ்ஸில் பாக்கிச் சில்லறை, பள்ளியில் கட்டிய முன்பணம், வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் எல்லாவற்றிலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

அதனால் ஜெயித்தவர்களிடம் கவனிக்கத்தக்கது அவர்கள் காட்டிய அளவு. கலிபோர்னியாவில் சாசலிட்டோ என்ற சிற்றூரில் சுற்றுலா முகவர் ஒருவரின் அலுவலகக் கணினியில் விண்டோஸ் 10 தானே இறங்கி, பாதியில் தோற்று, கணினி பல நாட்கள் உருப்படியாக ஓடவில்லை. அந்த மேம்படுத்தலும் இலவசம்தான், 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு. முதலில் கஸ்டமர் கேரைக் கேட்டுப் பார்த்தார். பயனில்லாமல் போகவே வக்கீல் தேவைப்படாத சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். கேட்டது, இழந்த வருமானமும் புதுக் கணினியின் விலையும். தீர்ப்பு 10,000 டாலர். மைக்ரோசாப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்குச் செலவை மிச்சப்படுத்த மேல்முறையீட்டைக் கைவிடுகிறோம் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தது. யாருடைய நேரத்துக்கு விலை அதிகம் என்ற கேள்வி அந்த ஒரு தடவை அவர்கள் பக்கம் திரும்பியது.

நம் ஊரிலும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது, பலர் தட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கெல்லாம் எடுபடுவது கோபம் இல்லை, தேதி போட்ட காகிதம். விளம்பரத்தில் சொன்ன வாசகத்தின் படம், பில், ஸ்டிக்கரின் படம், நிறுவனம் மறுத்து அனுப்பிய மின்னஞ்சல். போனில் பேசியதையும் அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிட்டால் அதுவும் காகிதம். நீளமாக எழுதியவரைவிட, ‘இந்தத் தேதியில் இதை வாங்கினேன், இதைத் தருவதாகச் சொன்னீர்கள், தரவில்லை’ என்று மூன்று வரி எழுதியவருக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

இலவச மேம்படுத்தலின் தகராறு ஓய்ந்தபாடில்லை. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. பழைய சிப் இருப்பதால் விண்டோஸ் 11க்குப் போக முடியாதவர்கள் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் பெற வேண்டுமென்றால் 30 டாலர் கட்ட வேண்டும், அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் கணக்கில் சேமித்துவைக்க வேண்டும், அல்லது அவர்களுடைய 1,000 பரிசுப் புள்ளிகளைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு இதை ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. அதைத் தொடர்ந்து, ஆதரவு முடிவதற்கு முந்தைய செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகள் விலகின. கணக்கில் உள்நுழைந்திருந்தால் போதும், ஓராண்டு இலவசம். அதே சிப், அதே விண்டோஸ் 10, அதே ஓட்டை. பாரிஸில் இருப்பவருக்கு அது சும்மா அடைபடுகிறது, மதுரையில் இருப்பவருக்கு இன்றும் அந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்தால்தான்.